கிரைண்டருக்குள் சுழல்வது என்ன? ஓர் ஆமேச்சரின் 200 வருடக் கதை



பதிவு கொஞ்சம் நீளம். பட்டறைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும், வீட்டில் கிரைண்டர் வைத்திருப்பவர்களும், ஓ.எல். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆறுதலாக வாசித்தால் பிரயோசனமாக இருக்கும் என்று நம்புகிறோம்.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, உழ்ஹிய்யாவுக்கான கத்திகளைத் தீட்டிக்கொள்ள ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தோம். எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே வேலை செய்கிறான். ஓ.எல். எழுதிய கையோடு வேலைக்கு இறங்கியவன். நாம் போன நேரம் அவன் ஒரு தடித்த இரும்புக் குழாயை வெட்டிக்கொண்டிருந்தான். தட்டு குழாய்க்குள் இறுகியது. அவன் விடாமல் அழுத்தினான். மெசின் உறுமியது, காபன் இருக்கும் பக்கத்தில் நீல நெருப்பு வளையமாகச் சுற்றியது, கருகிய நாற்றம் ஒன்று கிளம்பியது, அத்தோடு நின்றுவிட்டது.

பதறாமல் ஆணிகளைக் கழற்றி உள்ளே இருந்ததை உருவி எடுத்தான். “ஆமேச்சர் போய்ட்டு சேர்” என்று சொல்லி அதை எமது கையில் வைத்தான். பிறகு எதிர்பாராத ஒரு கேள்வி கேட்டான்.

“சேர், நீங்க படிப்பிச்ச மோட்டர்ல ரெண்டு பக்கமும் காந்தம் இருந்திச்சி. இதுக்குள்ள காந்தமே இல்ல. அது பெட்டரில சுத்தினது. இது வீட்டுக் கரண்ட். ஏசி கரண்ட் அங்கிட்டும் இங்கிட்டும் மாறிக்கிட்டே இரிக்குமெண்டு நீங்கதானே சொன்னீங்க. அப்ப இது எப்பிடி சேர் ஒரே பக்கமா சுத்துது?”

உண்மையைச் சொல்வதானால், எமக்கு உடனே பதில் வரவில்லை. கல்வியியற் கல்லூரிக் காலத்திலிருந்து எத்தனையோ தடவை ஊசியும் செப்புக் கம்பியும் சிறு காந்தமும் வைத்து மோட்டார் செய்து காட்டியிருக்கிறோம். ஆனால் தினமும் ஊர் முழுக்கச் சத்தம் போடும் இந்த மெசினைத் திறந்து பார்த்ததில்லை. “நல்ல கேள்வி மகன், கொஞ்சம் பொறு” என்று சொல்லிவிட்டு, கருகிய ஆமேச்சரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

இந்தப் பதிவு அவனுக்கான பதில். அதை வரலாறாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆமேச்சரில் உள்ள ஒவ்வொரு பாகமும், ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் முட்டுப்பட்டு நின்ற ஒரு சிக்கலுக்குக் கிடைத்த விடை. சிக்கல் என்னவென்று தெரிந்தால் பாகம் தானாக விளங்கும்.

முதலில் கையில் இருந்ததைப் பார்ப்போம். நடுவில் ஓர் உருக்குத் தண்டு. அதன் ஒரு முனையில் சிறிய பல்லுச்சக்கரம், அதற்குப் பின்னால் ஒரு விசிறி. நடுவில் மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த இரும்பு உருளை. அந்த உருளையின் நீளப் பள்ளங்களில் வார்னிஷ் பூசிய செப்புக் கம்பிச் சுருள்கள். மறுமுனையில் செப்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கிய ஒரு சிறு உருளை. அதைத்தான் கொமியூட்டேட்டர் என்கிறோம், பாடப்புத்தகத்தில் திசைமாற்றி. எண்ணிப் பார்த்தோம். பள்ளங்கள் 12, செப்புத் துண்டுகள் 24.

ஊசி அசைந்த நாள்

காந்த ஊசி எமது சமூகத்துக்குப் புதிய பொருள் அல்ல. இந்து சமுத்திரத்தில் கப்பலோட்டிய முஸ்லிம் வணிகர்கள் நூற்றாண்டுகளாகத் திசையறி கருவியைப் பாவித்தவர்கள். ஆனால் அந்த ஊசிக்கும் மின்சாரத்துக்கும் உறவு இருக்கிறது என்பது 1820 வரை தெளிவாகக் காட்டப்படவில்லை.

அந்த வருடம் ஏப்ரலில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் என்ற பேராசிரியர் விரிவுரை ஒன்றின்போது கம்பி ஒன்றினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினார். பக்கத்தில் இருந்த திசையறி ஊசி அசைந்தது. ஜூலையில் அதை அவர் வெளியிட்டார். சில மாதங்களுக்குள் பிரான்சில் அம்பியர், மின்னோட்டம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் அல்லது தள்ளும் என்று காட்டினார். இன்று மின்னோட்டத்தை நாம் அளக்கும் அலகு அவருடைய பெயர்தான்.

அசைந்தது சரி. ஆனால் அசைவது வேறு, விடாமல் சுழல்வது வேறு. அந்த வித்தியாசத்தைக் கடந்தவர் மைக்கல் பரடே. இலண்டனில் ஒரு கொல்லரின் மகன். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றார். 1812 இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அந்தக் குறிப்புகளைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கே அனுப்பிவைத்தார். அடுத்த வருடம் அவரிடம் உதவியாளர் வேலை கிடைத்தது.

1821 செப்டம்பரில் பரடே ஒரு பாத்திரத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் ஒரு காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து ஒரு கம்பியைப் பாதரசத்தைத் தொடும்படி தொங்கவிட்டார். மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிற்கவில்லை. மின்சாரத்தால் உண்டான முதலாவது தொடர் சுழற்சி அது. எமது கையில் இருந்த ஆமேச்சரின் மூத்த வாப்பா என்று அதைச் சொல்லலாம்.

பாதி சுற்றில் நிற்கும் சிக்கல்

பாதரசப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. கம்பியைச் சுருளாக்கி, காந்தங்களுக்கு நடுவில் தண்டில் பொருத்தினால் விசை கூடும். ஆனால் அங்கே ஒரு சிக்கல். சுருளின் ஒரு பக்கம் மேலே தள்ளப்படும், மறுபக்கம் கீழே தள்ளப்படும். சுருள் அரைச் சுற்று திரும்பியதும் இரு பக்கங்களும் இடம் மாறிவிடும். இனி அதே மின்னோட்டம் அதைப் பின்னுக்குத் தள்ளும். சுருள் ஆடி ஆடி நடுவில் நின்றுவிடும்.

தீர்வு என்ன? சுருள் பக்கம் மாறும் அதே கணத்தில் மின்னோட்டமும் திசை மாற வேண்டும். அதைக் கையால் செய்ய முடியாது. தண்டே செய்ய வேண்டும். தண்டோடு சேர்ந்து சுழலும் பிளந்த வளையம், அதைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும் இரண்டு தொடுகைகள். அதுதான் கொமியூட்டேட்டர். 1832 அளவில் பாரிஸில் பிக்சி என்ற கருவி செய்பவர் அம்பியரின் யோசனைப்படி தன் மின்பிறப்பாக்கியில் இதைப் பாவித்தார். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டேர்ஜன் இதை வைத்துச் சுழலும் மோட்டார் செய்தார். இரும்பில் கம்பி சுற்றிப் பாரம் தூக்கும் மின்காந்தத்தை முதலில் செய்தவரும் இந்த ஸ்டேர்ஜன்தான். அவர் சப்பாத்துத் தைக்கும் தொழில் பழகியவர், பிறகு படைவீரராக இருந்தவர்.

அதே காலத்தில் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் தோமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர் இருந்தார். 1833 இல், இரும்புத் தாதைப் பிரித்தெடுக்கப் பாவிக்கப்பட்ட ஒரு மின்காந்தத்தைப் பார்த்து வியந்து, கையில் இருந்ததையெல்லாம் கொடுத்து அதை வாங்கினார். வீட்டுக்கு வந்து கம்பியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். பிறகு சொந்தமாக மின்காந்தங்கள் செய்தார். கம்பியோடு கம்பி பட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும். காப்பிடுவதற்கு ஒன்றும் இல்லாதபோது, அவருடைய மனைவி எமிலி தனது கல்யாணப் பட்டுடுப்பைக் கிழித்துக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. 1837 பெப்ரவரியில் மின்மோட்டாருக்கான அமெரிக்கக் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

ஆனால் அவருடைய மோட்டாரை வாங்க ஆளில்லை. அன்று மின்சாரம் பெட்டரியிலிருந்துதான் வந்தது. பெட்டரிக்குள் கரையும் நாகத்தின் விலையோடு பார்த்தால் நீராவி இயந்திரத்துக்கான நிலக்கரி மிக மலிவு. டேவன்போர்ட் வறுமையிலேயே 1851 இல் இறந்தார். கருவி பிழையில்லை, கரண்ட்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அந்தப் பட்டுத் துணியின் வேலையை இன்று கம்பியில் பூசியிருக்கும் வார்னிஷ் செய்கிறது. பட்டறையில் கிளம்பிய கருகிய நாற்றம் அந்த வார்னிஷின் நாற்றம்தான். அது கருகினால் கம்பியோடு கம்பி தொட்டுவிடும். ஆமேச்சரின் கதை அத்தோடு முடிந்தது.

ஒரு சுருள் போதாது

பிளந்த வளையமும் ஒற்றைச் சுருளும் உள்ள மோட்டார் உதறி உதறித்தான் சுழலும். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் விசை இல்லாத ஓர் இடம் வரும். நாம் வகுப்பில் செய்து காட்டும் மோட்டாரை விரலால் தட்டிவிட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

1860 இல் இத்தாலியின் பீசா நகரில் அந்தோனியோ பச்சினோட்டி என்ற இளைஞர் இதற்கு வழி கண்டார். அவருக்கு அப்போது வயது 19. ஓர் இரும்பு வளையத்தில் பல சுருள்களைச் சுற்றி, ஒவ்வொன்றையும் கொமியூட்டேட்டரின் ஒவ்வொரு துண்டோடு இணைத்தார். ஒரு சுருள் விசையில்லாத இடத்தில் இருக்கும்போது மற்றச் சுருள்கள் தள்ளிக்கொண்டிருக்கும். சுழற்சி சீரானது. எமது ஆமேச்சரில் 24 செப்புத் துண்டுகள் இருப்பதன் இரகசியம் இதுதான்.

பத்து வருடங்களுக்குப் பிறகு இதே வழியில் பெரிய மின்பிறப்பாக்கி செய்து சந்தைக்குக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தில் பிறந்த ஸெனோப் கிராம். அவர் தச்சுத் தொழிலாளி. 1873 இல் வியன்னாவில் நடந்த கண்காட்சியில் கிராமின் இயந்திரம் ஒன்றிலிருந்து வந்த மின்சாரத்தை இன்னொரு கிராம் இயந்திரத்துக்குக் கொடுத்தபோது, இரண்டாவது தானாகச் சுழன்றது. மின்சாரம் தரும் இயந்திரமும் மின்சாரத்தால் சுழலும் இயந்திரமும் ஒன்றுதான் என்பதை வியாபார உலகம் அங்கே கண்ணால் கண்டது. டேவன்போர்ட்டுக்குக் கிடைக்காத மலிவான கரண்ட் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

வளையத்தில் ஒரு குறை இருந்தது. வளையத்தின் உட்பக்கத்தால் போகும் கம்பி ஒரு வேலையும் செய்வதில்லை. 1872 இல் ஜேர்மனியில் சீமன்ஸ் கம்பனியில் வேலை செய்த ஹெப்னர் அல்ட்டெனெக் கம்பி முழுவதையும் ஓர் உருளையின் வெளிப்பக்கத்தால் சுற்றினார். அதற்கு மேளம் போன்ற ஆமேச்சர் என்று பெயர். இன்று கிரைண்டருக்குள் இருப்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பிறகு கம்பிகளை உருளையின் மேலே சுற்றாமல் பள்ளங்களுக்குள் இறக்கினார்கள். இதில் இரட்டை நன்மை. கம்பி கழன்று பறக்காது. அதோடு இரும்புக்கும் காந்தத்துக்கும் இடையிலான இடைவெளி குறையும். இன்னொரு விசேஷமும் உண்டு. கம்பி பள்ளத்துக்குள் இருக்கும்போது விசையின் பெரும்பகுதி கம்பியில் விழாமல் பக்கத்தில் உள்ள இரும்புப் பற்களில் விழுகிறது. மெல்லிய கம்பி பிழைத்துக்கொள்கிறது.

இரும்பு உருளையை ஒரே கட்டியாக வார்க்காமல் ஏன் தகடுகளாக அடுக்குகிறார்கள்? காந்தப்புலத்துக்குள் சுழலும் இரும்புக்குள்ளும் மின்னோட்டம் உண்டாகும். கட்டியாக இருந்தால் அது தாராளமாகச் சுழன்று பாய்ந்து இரும்பைச் சூடாக்கும். அரை மில்லிமீற்றர் அளவு மெல்லிய தகடுகளாக்கி, இடையில் காப்புப் பூச்சும் பூசினால் அந்த ஓட்டத்தின் வழி அறுபடும்.

பிரஷ் என்ற பெயர் எப்படி வந்தது?

கடைக்குப் போய் “காபன் பிரஷ் ஒரு சோடி தாங்க காக்கா” என்று கேட்கிறோம். அவர் தருவது கரிக்கட்டி. அதில் ஒரு மயிர் கூட இல்லை. பிறகு ஏன் பிரஷ்? ஆரம்ப காலத்தில் கொமியூட்டேட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது செப்புக் கம்பிக் கற்றை. பார்வைக்கு உண்மையாகவே பிரஷ் போல இருந்தது. ஆனால் அது தீப்பொறி கக்கியது, கொமியூட்டேட்டரையும் அரித்தது. 1885 இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் போர்ப்ஸ் செப்புக்குப் பதிலாகக் காபனைப் பாவிக்கும் காப்புரிமையைப் பெற்றார். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

செப்பை விடக் காபன் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். அந்தக் குறைதான் இங்கே நிறை. பிரஷ் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும் கணத்தில் இரண்டு துண்டுகளையும் ஒன்றாகத் தொடுகிறது. அப்போது இடையில் உள்ள சுருள் குறுக்கிணைப்பாகிறது. அந்தச் சுருளுக்குள் வீணாகச் சுற்றும் மின்னோட்டத்தைக் காபனின் தடை கட்டுப்படுத்துகிறது. அதனால் பொறி குறைகிறது. அதோடு காபன் வழுவழுப்பானது. தான் தேய்ந்து செப்பைக் காப்பாற்றுகிறது. காபன் சோடி மலிவு, ஆமேச்சர் விலை கூட. தேய வேண்டியது தேயட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. தேய்ந்த காபனை மாற்றாமல் ஓட்டினால், கடைசியில் தேய்வது செப்பு.

இனி அந்த மாணவனின் கேள்வி

காந்தமே இல்லையே என்றான். இருக்கிறது. ஆமேச்சரைச் சுற்றி உறையோடு நிற்கும் இரும்பில் இரண்டு சுருள்கள் உண்டு. பட்டறையில் பீல்ட் கொயில் என்பார்கள். மின்னோட்டம் பாயும்போது மட்டும் அவை காந்தமாகும். கரண்ட் ஒரு பீல்ட் கொயிலால் போய், காபனால் ஆமேச்சருக்குள் இறங்கி, மற்றக் காபனால் வெளியேறி, மற்றப் பீல்ட் கொயிலால் திரும்புகிறது. எல்லாம் ஒரே வரிசை. அதனால் இதற்குத் தொடர் மோட்டார் என்று பெயர்.

எமது வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு 100 தடவை திசை மாறுகிறது. இப்போது கவனியுங்கள். நிலையான காந்தம் உள்ள மோட்டாருக்கு அந்தக் கரண்டைக் கொடுத்தால், ஆமேச்சரின் மின்னோட்டம் மட்டும் திசை மாறும், காந்தம் மாறாது. விசை செக்கனுக்கு 100 தடவை முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கும். மோட்டார் நடுங்குமே தவிர சுழலாது. ஆனால் கிரைண்டரில் ஆமேச்சரின் மின்னோட்டம் திசை மாறும் அதே கணத்தில் பீல்ட் கொயிலின் காந்தமும் முனை மாறுகிறது, ஏனெனில் இரண்டிலும் பாய்வது ஒரே மின்னோட்டம். இரண்டும் சேர்ந்து மாறினால் விசையின் திசை மாறாது.

எட்டாம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. மறையை மறையால் பெருக்கினால் நேர். அவ்வளவுதான் மகன்.

இதனால் இந்த மோட்டார் ஏசியிலும் ஓடும், பெட்டரிக் கரண்டிலும் ஓடும். எந்தக் கரண்டுக்கும் ஓடுவதால் இதற்குப் பொது மோட்டார் என்றும் பெயர்.

கொமியூட்டேட்டரும் காபனும் இல்லாத மோட்டார்கள் எமது வீடுகளில் நிறைய உண்டு. தண்ணீர் மோட்டார், சீலிங் பேன் எல்லாம் அப்படித்தான். 1880 களில் பெராரிஸ், டெஸ்லா, டொலிவோ டொப்ரோவொல்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய தூண்டல் மோட்டார் வகை அது. பிரஷ் இல்லை, தேய்வு குறைவு, ஆயுள் கூட. பிறகு ஏன் கிரைண்டருக்கு மட்டும் பழைய வகை?

காரணம் வேகம். தூண்டல் மோட்டார் கரண்டின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது. 50 ஹேர்ட்ஸில் அது நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாது. தொடர் மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வலு என்பது முறுக்கமும் வேகமும் பெருகியது. முறுக்கம் வேண்டுமென்றால் மோட்டார் பெரிதாக வேண்டும். வேகத்தைக் கூட்டினால் சிறிய மோட்டாரும் அதே வலுவைத் தரும். ஒரு பரிவலு என்பது 746 வாற்று. ஒரு பரிவலுத் தண்ணீர் மோட்டாரை ஒரு கையால் பிடித்து வேலை செய்ய முடியுமா? ஏறத்தாழ அதே வலுவுள்ள கிரைண்டரை நாம் ஒரு கையால் தூக்குகிறோம்.

1895 இல் ஜேர்மனியின் பைன் கம்பனி கையில் பிடிக்கும் மின் துளைகருவியைச் செய்தது. 1917 இல் அமெரிக்காவின் பிளக் அண்ட் டெக்கர் கம்பனி, துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் சுவிட்சும் உள்ள துளைகருவிக்குக் காப்புரிமை பெற்றது. 1954 இல் ஜேர்மனியின் அக்கர்மன் அண்ட் ஷ்மிட் கம்பனி வேகமாகச் சுழலும் கோணக் கிரைண்டரை வெளியிட்டது. மோட்டாரின் தண்டு நீளவாக்கில். தட்டு அதற்குச் செங்கோணத்தில். இடையில் கூம்புப் பல்லுச்சக்கரச் சோடி. அந்தக் கம்பனியின் வியாபாரப் பெயர் பிளெக்ஸ். இன்றும் ஜேர்மனியில் எந்தக் கம்பனியின் கிரைண்டரையும் மக்கள் பிளெக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

ஏன் கருகியது?

எமது பட்டறைகளில் உள்ள 4 அங்குலக் கிரைண்டரில் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை அளவில் சுழலும். பல்லுச்சக்கரம் வேகத்தைக் குறைத்த பிறகு உள்ள கணக்கு அது. உள்ளே ஆமேச்சர் 30,000 அளவில் சுழல்கிறது. அதாவது செக்கனுக்கு 500 சுற்று. 24 துண்டுகள் என்றால், ஒரு காபனுக்கு முன்னால் ஒரு செக்கனுக்கு 12,000 செப்புத் துண்டுகள் கடந்து போகின்றன. அந்த வேகத்தில், மூன்று சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆமேச்சரின் ஓரத்தில் இருக்கும் ஒரு கிராம் செப்பைப் பிடித்து வைத்திருக்க, 15 கிலோவைத் தூக்கும் அளவு விசை தேவை. பள்ளத்தில் ஆப்பும் மேலே வார்னிஷும் அதற்காகத்தான்.

சுழலும் ஆமேச்சர் தானும் ஒரு மின்பிறப்பாக்கி. வியன்னாக் கண்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வந்துகொண்டிருக்கும் கரண்டுக்கு எதிராக அது ஒரு வோல்ற்றளவை உண்டாக்குகிறது. வேகமாகச் சுழலும் வரை அந்த எதிர்ப்பு மின்னோட்டத்தை அடக்கி வைக்கும். தட்டு இறுகி வேகம் விழுந்தால் எதிர்ப்பும் விழும். மின்னோட்டம் பாய்ந்து ஏறும். அதே நேரம் தண்டில் இருக்கும் விசிறியும் நின்றுவிடும். சூடு கூடும் நேரத்தில் காற்று இல்லை. வார்னிஷ் கருகச் சில செக்கன்கள் போதும். அன்று நடந்தது இதுதான்.

ஆகவே அழுத்தாதீர்கள். வெட்டுவது வேகம், கையின் பாரம் அல்ல. சத்தம் தாழ்ந்தால் கையைத் தளர்த்துங்கள். கடின வேலைக்குப் பிறகு மெசினை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்; விசிறி உள்ளே காற்றை இழுத்து ஆற்றிவிடும். கொமியூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையமாக ஓடினால் அன்றே நிறுத்தித் திறந்து பாருங்கள்.

தழும்பு

நாம் உண்மையில் சொல்ல வந்த விடயம் இனித்தான். அந்த மாணவனின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்டோம். “போன வருசம் தட்டு வெடிச்ச சேர். அல்லாஹ் காப்பாத்தினான்” என்றான். 4 அங்குல மெசினில் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு 7 அங்குலத் தட்டைப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். ஆழமாக வெட்டலாம் என்ற எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்றில் 4 அங்குலத் தட்டின் ஓரம் மணிக்கு ஏறத்தாழ 207 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே மெசினில் 7 அங்குலத் தட்டின் ஓரம் மணிக்கு 370 கி.மீ. ஐத் தாண்டுகிறது, செக்கனுக்கு 103 மீற்றர் அளவில். இந்தத் தட்டுகள் பொதுவாகச் செக்கனுக்கு 80 மீற்றர் வரை தாங்கத்தான் செய்யப்படுகின்றன. தட்டைப் பிய்க்கும் இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், தாங்க வேண்டிய எல்லையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான இழுவை விழுகிறது. வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 7 அங்குலத் தட்டுக்கான மெசின் அதனால்தான் மெதுவாகச் சுழல்கிறது. ஒவ்வொரு தட்டிலும் அதன் உச்ச வேகம் அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு மெசினிலும் அதன் சுற்று எழுதியிருக்கும். தட்டில் உள்ள இலக்கம் மெசினில் உள்ளதை விடக் குறைந்திருந்தால் போடவே கூடாது.

வட்டத்தின் பரிதியைக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைக்கு எமது பாடசாலையில் சொல்லிக் கொடுத்தோம். பரீட்சையில் சரியாகவும் எழுதியிருப்பான். அந்தக் கணக்கு ஒரு நாள் அவன் கண்ணைக் காக்கும் கணக்கு என்று நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தக் குறை எம்முடையது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

சிலர் கேட்கக்கூடும், இந்தக் கதையில் எம்மவர் யாரும் இல்லையா என்று. மின்மோட்டாரின் கதையில் தேடிப் பெயர் திணிக்கத் தேவையில்லை. ஆனால் 1206 இல், தியார்பக்கிர் அரசவையில் வேலை செய்த அல் ஜஸரி, தான் செய்த நீரிறைக்கும் பொறிகளையும் கடிகாரங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். மற்றக் கைவினைஞர்கள் பார்த்துச் செய்யும்படி படங்களோடும் அளவுகளோடும் எழுதினார். கையால் செய்தவரே பேனாவையும் பிடித்தார். பரடே புத்தகம் கட்டியவர், ஸ்டேர்ஜன் சப்பாத்துத் தைத்தவர், டேவன்போர்ட் கொல்லர், கிராம் தச்சர். கைத்தொழிலுக்குப் போன பிள்ளையைப் படிப்பு வராதவன் என்று நாம் ஒதுக்கும் போதெல்லாம் இந்தப் பெயர்களை நினைத்துக்கொள்வது நல்லது.

பெருநாள் முடிந்து பட்டறைக்குப் போய் பதிலைச் சொன்னோம். மறை தர மறை நேர் என்றதும் அவன் சிரித்துவிட்டான். “இத அப்பவே இப்பிடிச் சொல்லியிருந்தா மறக்காதே சேர்” என்றான். புது ஆமேச்சர் போட்ட மெசின் பக்கத்தில் கிடந்தது. பாதுகாப்பு மூடி அதில் பூட்டியிருந்தது.

கருகிய ஆமேச்சர் இப்போது எமது விஞ்ஞான அறை அலுமாரியில் இருக்கிறது. அடுத்த தவணையில் பத்தாம் தரப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்துத்தான் பாடத்தைத் தொடங்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பாடம் சொல்லிக் கொடுக்க அந்த மாணவனையும் ஒரு நாள் கூப்பிட்டிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்கள் வீட்டில், கடையில், பட்டறையில் கிரைண்டர் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். மூடி இருக்கிறதா, தட்டின் இலக்கமும் மெசினின் இலக்கமும் ஒத்துப்போகின்றனவா, கண்ணாடி எங்கே கிடக்கிறது? அந்தக் கண்ணாடியை ஆணியில் இருந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.